வேட்பாளரின் வேலையும் வேட்பாளரின் வீடும்

பாடசாலை மாணவர் பாராளுமன்றம் என்னும் ஏற்பாடு நம் நாட்டில் வந்ததன் பின், மாத்தளை மாவட்டத்தில், நகரத்துத் தேசியக் கல்லூரிகள் முதல் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் வரை, பிள்ளைகள் வரிசையில் நின்று, இடாப்பில் தம் பெயரைச் சரிபார்த்து, மடித்த வாக்குச்சீட்டைப் பெட்டிக்குள் போடுகிற காட்சி சாதாரணமாகிவிட்டது. ஆசிரியர்கள் தலைமை தாங்கும் அலுவலர்களாகின்றனர். வென்றவர்களில் ஒருவர் பிரதமராகவும், ஒருவர் சபாநாயகராகவும், வேறு சிலர் சுகாதாரம், விளையாட்டு, சுற்றாடல் முதலிய துறைகளுக்கு அமைச்சர்களாகவும் பதவிப் பிரமாணம் செய்துகொள்கின்றனர். சில பாடசாலைகளின் பிள்ளைகள் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயிலுள்ள பாராளுமன்றக் கட்டடத்துக்கே சென்று அமர்வு நடத்தித் திரும்புகின்றனர். இவையெல்லாம் மகிழத்தக்கவையே. ஆயினும் வாக்கெடுப்புக்கு முந்திய வாரங்களிலும், முடிவு வெளியான பின் வரும் ஓரிரு நாட்களிலும், பிள்ளைகளின் வாயிலும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களிலும் நடமாடுகிற வார்த்தைகளைக் கவனிப்போர்க்கு, அவர்கள் கையில் பெட்டியையும் சீட்டையும் கொடுத்த நாம், எதிர்த்து நிற்பவரை எதைக் குறித்துக் கேட்கலாம், எதைக் குறித்துக் கேட்கலாகாது என்னும் விவேகத்தைக் கொடுக்க மறந்துவிட்டோம் என்பது புலப்படாமற் போகாது.

இரு வகைப் பேச்சுகளை எடுத்துக்கொள்வோம். “அவனுடைய அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறா, இவன் எங்களுக்குப் பிரதமரா?” “லயத்திலிருந்து வருகிறவனுக்கு மேடையில் பேச வருமா?” “அந்தப் பிள்ளையை பஸ்ஸில் யாரோடு கண்டோம் தெரியுமா?” இவை ஒரு வகை. “போன வருஷம் சுகாதார அமைச்சராக இருந்தவர், பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஓர் அமர்விலாவது வாய் திறந்தாரா?” “விளையாட்டுச் சாமான் வாங்கச் சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே?” “இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைப்பேன் என்றவர் திறந்தாரா?” இவை இன்னொரு வகை. முன்னவை ஒரு பிள்ளையின் வீட்டு முற்றத்திற் புகுந்து கல்லெறிகின்றன. பின்னவை அப்பிள்ளை தானாக விரும்பி ஏற்ற ஒரு பொறுப்பைப் பற்றி வினவுகின்றன. இவ்வளவு வெளிப்படையான வேற்றுமை அதிபரின் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் மறைந்துபோவதே விந்தை. அங்கே இரண்டும் ‘ஒருவரையொருவர் தாக்கிப் பேசுதல்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டு, இரு பக்கத்தாரும் வரவழைக்கப்பட்டு, ஒற்றுமையின் மேன்மை பற்றிய ஒரு சிறு உபதேசத்தோடு திருப்பியனுப்பப்படுகின்றனர். அடுத்த ஆண்டு, தொல்லையே வேண்டாமென்று, வேட்பாளர்கள் ஆசிரியர் திருத்திக் கொடுத்த ஒரு பக்க உரையை வாசிப்பதோடு பிரசாரம் நின்றுவிடுகிறது.

முதல் வகைப் பேச்சு இந்த மாவட்டத்தில் எவ்வளவு பாரமுடையது என்பதை வெளியூரார் அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, வழி நெடுகிலும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உற்றாரைப் பலிகொடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த வாசல் மாத்தளையே. 1880இல் இவ்வூருக்கு ரயில் வந்ததும் அத்தோட்டங்களின் பொருட்டே. அந்த வம்சத்தார்க்கு 1947இன் பொதுத் தேர்தலில் வாக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அது பறிபோயிற்று. 1964இல் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. தாத்தாவும் பாட்டியும் வாக்காளர் இடாப்பில் இடமின்றி வாழ்ந்து முடிந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, பதினைந்து வயதில் ஒரு தேர்தலில் வேட்பாளனாக நிற்கிறான் என்றால், அவனை நோக்கி ‘தோட்டக்காட்டான்’ என்று வீசப்படும் சொல் வெறும் பள்ளிக்கூடச் சண்டையின் சொல்லாக மாத்திரம் இராது. பட்டணத்துக் கடைக்காரரின் பிள்ளையும், தோட்டத்துப் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழில் கற்கிற இடங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பிறப்பைச் சுட்டிக் கேட்கிற வாக்கு, ஒரு வேட்பாளருக்கு எதிராக விழுந்தாலும், அவரைப் போன்ற நூறு பேருக்கு நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம் என்று சொல்வதாகவே முடிகிறது.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்களும் ஓர் இடத்தில் வழுக்கி விழுகின்றனர். பேச்சின் காரத்தைக் கொண்டு அதன் நியாயத்தை அளக்கின்றனர். கூர்மையாகக் கேட்டால் தாக்குதல், இனிமையாகச் சொன்னால் விமர்சனம் என்பது அவர்கள் கையிலுள்ள அளவுகோல். இதனால், “பாவம், நல்ல பிள்ளைதான், வீட்டிலே தகப்பன் குடிகாரர், அந்தக் கவலையோடு எப்படி இந்தப் பொறுப்பைச் சுமக்கும்?” என்று அனுதாபத் தொனியில் சொல்லப்படும் நஞ்சு தண்டனையின்றித் தப்புகிறது, “கணக்குக் காட்டாமல் மறுபடியும் வாக்குக் கேட்க வெட்கமில்லையா?” என்று கொதித்துக் கேட்ட மாணவி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க நேர்கிறது. காரம் ஒரு குற்றமன்று. தமிழில் கண்டனம் என்பது ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்த ஒன்று. அதில் மென்மையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

அதே கண்டன மரபு எந்தப் புள்ளியில் தடம் புரளும் என்பதற்கும் நம்மிடமே நல்ல திருஷ்டாந்தம் உண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்களுக்கு அருட்பா என்று பெயரிடலாமா, அவற்றைத் திருமுறைகளுக்குரிய இடத்தில் வைத்து ஓதலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுப்பிய ஆட்சேபம், ஏற்றாலும் மறுத்தாலும், கற்றோர் சபையில் வைத்து வாதிக்கத் தக்க ஒரு பிரச்சினையே. அது பாடலைப் பற்றியது, பெயரைப் பற்றியது, ஆலய வழக்கத்தைப் பற்றியது. ஆனால் பிரசுரத்துக்கு மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக அது நீண்டபோது, பாடல் பின்னுக்குச் சென்று பாடியவரும் மறுத்தவரும் முன்னுக்கு வந்தனர். அவர்களுடைய நடையும் ஒழுக்கமும் சந்திக்கு இழுக்கப்பட்டன. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறிற்று. இருவரும் மறைந்த பின்னும் அது ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை, அவை அருட்பா அல்ல, மருட்பாவே என்ற கட்சிக்காக நின்றபோது, அருட்பாவின் பக்கம் வாதாடப் புறப்பட்டவர்களுள் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இஸ்லாமியப் புலவரும் ஒருவர் என்பதை நினைக்கும்போது, வாதம் பாடலின் மேல் நின்ற வரையில் அதில் யாருக்கும் இடமிருந்தது என்பதையும், மனிதரின் மேல் தாவியபோதுதான் அது கட்சிகளாக உறைந்துபோயிற்று என்பதையும் காண்கிறோம்.

அப்படியாயின் எல்லை எங்கே? வேட்பாளர் தம் கையால் செய்தது, செய்யாமல் விட்டது, செய்வேன் என்று சொன்னது, இவற்றில் எது வாக்களிப்போரின் காரியத்தைத் தொடுகிறதோ அதைக் கேட்கலாம் என்பதே என் அபிப்பிராயம். தாய் செய்யும் தொழிலுக்கு மகன் பதில் சொல்ல முடியாது; தான் வைத்திருந்த காசுக்குச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். இது எளிதாகத் தோன்றினாலும், இடையிலே கிடக்கும் சில காரியங்கள் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். உதாரணமாக, ‘அவன் ஆசிரியையின் மகன்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகனாகையால் அவன் திறமையற்றவன், தாயின் நிழலில் வளர்ந்தவன் என்ற பொருளில் அது சொல்லப்பட்டால், அது பிறப்பைப் பழிப்பது. ஆனால் அந்த ஆசிரியையே வாக்கு எண்ணும் மேசையில் அமர்ந்திருக்கிறார் என்னும்போது, அதே வாக்கியம் மிகவும் நியாயமான ஆட்சேபமாக மாறிவிடுகிறது. அவர் நேர்மையானவர் என்பது இதற்கு விடையாகாது. அவருடைய நேர்மையை இங்கே யாரும் சந்தேகித்திருக்கத் தேவையில்லை. எண்ணும் மேசையில் வேட்பாளரின் தாய் இருக்கலாகாது என்பது, அவர் யாராயிருந்தாலும் பொருந்தும் ஒரு விதி. இந்த ஆட்சேபத்தை எழுப்பும் மாணவன், ‘எங்கள் டீச்சரையே அவமதித்துவிட்டான்’ என்ற கூச்சலுக்கு இலக்காவதை நாம் எளிதிற் கற்பனை செய்யலாம். அந்தக் கூச்சலே உண்மையில் ஆளைத் தாக்குவது.

பரீட்சைப் புள்ளிகளும் அப்படித்தான். ஒருவர் கணிதத்தில் எத்தனை எடுத்தார் என்பது அவருடைய அந்தரங்கம். ஆனால் தம் துண்டுப் பிரசுரத்தில் ‘வகுப்பில் முதலாமவர்’ என்று அவரே அச்சிட்டு, அது பொய்யாக இருந்தால், கேட்பதற்கு வாசலைத் திறந்துவிட்டவர் அவரே. நம் நாட்டுத் தேர்தற் சட்டம், 1946ஆம் ஆண்டின் கட்டளையிலும் 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்திலும், வேட்பாளரின் சொந்த நடத்தையையோ குணத்தையோ பற்றிப் பொய்யான கூற்றை வெளியிட்டுத் தேர்தலைப் பாதிக்க முயல்வதை ஊழற் செயலாக வகுத்திருக்கிறது. இந்த வகுப்பு பிரித்தானியச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. அங்கே அது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கவில்லை. 2010இல், ஓல்ட்ஹம் கிழக்கு – செடில்வர்த் தொகுதியில் 103 வாக்குகளால் வென்ற பில் வூலாஸ் என்னும் முன்னாள் அமைச்சரின் தேர்தலை, எதிராளியைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தே சில கூற்றுகளைத் துண்டுப் பிரசுரத்தில் வெளியிட்டார் என்று கண்டு, தேர்தல் நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. பின்னர் அதை மீள ஆராய்ந்த உயர் நீதிமன்றம், மூன்று கூற்றுகளில் ஒன்றை அரசியல் நிலைப்பாட்டைச் சார்ந்தது என்று தனியே பிரித்து விலக்கி, மற்றவற்றின் மேல் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அரசியலைப் பற்றிய கூற்று தவறாக இருந்தாலும் அதை வாக்காளரின் தீர்ப்புக்கே விட்டுவிடுவதும், மனிதரின் குணத்தைப் பற்றிய பொய்யைச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பதும் ஆகிய இந்தப் பிரிவினை, பாடசாலை மாணவருக்கு விளங்காத அளவுக்குச் சூக்குமமானதன்று. குடியியற் பாடத்தில் ஒரு பாடவேளை போதும்.

இதுவரை சொன்னதைப் பதவியிலிருப்போர் மகிழ்ச்சியோடு கேட்டிருக்கலாம். ஆகையால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவதூறு பெருகுகிறது என்று நாம் அஞ்சுகிறோம். ஆனால் என் மதிப்பீட்டில், நம் மாணவர் சபைகளை அதிகமாகக் கெடுப்பது, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘என்னைத் தனிப்பட்ட முறையில் தாக்குகிறார்கள்’ என்று கண்ணீர் வடிக்கும் உபாயமே. அது பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. பழைய மாணவர் சங்கத்தில் கணக்கு கேட்டவர், ‘இவருக்கு என் மேல் பொறாமை’ என்ற பதிலைப் பெறுகிறார். ஆலய பரிபாலன சபையில் கேட்டவர் ‘கோயிலைக் குழப்ப வந்தவர்’ ஆகிறார். கேள்வி அப்படியே கிடக்க, கேட்டவருடைய உள்நோக்கம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதைப் பார்த்து வளரும் பிள்ளை, பதவி கிடைத்ததும் அதையே செய்கிறான். அதிபரும், பிள்ளையின் மனம் புண்பட்டதே என்ற இரக்கத்தில், கேட்டவனைக் கண்டிக்கிறார்.

தேர்தல் முடிந்து, எண்ணிக்கையில் பிழை என்ற முறைப்பாடு வரும்போதுதான் இந்த நோய் முற்றித் தெரிகிறது. ஏழு வாக்கில் தோற்ற ஒருவர், ஒரு வகுப்பின் பெட்டியில் கொடுத்த சீட்டுகளைவிட எண்ணிய சீட்டுகள் அதிகம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சரியோ பிழையோ, அரைமணி நேரத்தில் சரிபார்த்துவிடக் கூடிய காரியம். ஆனால் நடப்பது என்ன? தோற்றவனின் புலம்பல் என்று ஒரு பக்கம் சிரிக்கிறது. எண்ணிய ஆசிரியர் இன்னாருக்கு உறவு, இன்ன ஊரார், இன்ன சமயத்தார் என்று மறுபக்கம் முணுமுணுக்கிறது. மூன்றாம் நாள் ஒரு மொட்டைக் கடிதம் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்ச் சேருகிறது. பெட்டி மட்டும் அலுமாரியின் மேல் திறக்கப்படாமலே இருக்கிறது.

இந்தியாவில் இதே நோய்க்கு மருந்து தேடப்பட்ட வரலாறு நமக்குப் பயன்படும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் தேர்தல்களுக்கு வகுத்த நடத்தை விதிகளில், எதிர் வேட்பாளரின் கொள்கை, வேலைத்திட்டம், கடந்தகாலச் செயல் ஆகியவற்றோடு விமர்சனம் நிற்க வேண்டும் என்றும், பொதுக் காரியத்தோடு தொடர்பற்ற சொந்த வாழ்க்கையைத் தொடலாகாது என்றும், சரிபார்க்காத குற்றச்சாட்டுகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறிற்று. வேட்பாளர் ஒருவரின் செலவுக்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பு, அச்சிட்ட சுவரொட்டிகளுக்குத் தடை, முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்க்கத் தனி அமைப்பு என்பவையும் அதில் இருந்தன. அவ்விதிகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டெம்பரில் கட்டளையிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், ஆகஸ்ட் 26ஆம் தேதி, உஜ்ஜயினி மாதவக் கல்லூரியின் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் எச். எஸ். சபர்வால், மாணவர் தேர்தல் தகராறு ஒன்றில் தாக்கப்பட்டு உயிரிழந்திருந்தார்; குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2009இல் சாட்சியம் போதாமல் விடுதலையாயினர். சொந்த வாழ்க்கையைத் தொடாதே என்ற விதியை எழுதியதைவிட, முறைப்பாட்டைக் கேட்க ஓரிடத்தை வகுத்ததே அந்தக் குழுவின் பெரிய உபகாரம் என்று நான் கருதுகிறேன். கேட்க இடமில்லாத மனக்குறைதான் மொட்டைக் கடிதமாகிறது, அதற்கப்பால் கைகலப்பாகிறது.

வாதத்தை விட்டு ஆளைத் தாக்கும் பழக்கம் நம் நாட்டிலும் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறக்க முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுயாதீன மாணவர் சங்கத் தலைவர் தயா பத்திரண 1986 டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார். போட்டி மாணவர் இயக்கத்தின் பக்கமே பழி எழுந்தது. மாற்றுக் கருத்துடைய மாணவன் முதலில் துரோகி என்று பெயர் பெறுவதும், பெயர் ஒட்டியதும் அவன் சொன்னதற்கு விடை சொல்லும் கடமை எவர்க்கும் இல்லாமற் போவதும், அந்த ஆண்டுகளில் தெற்கிலும் வடக்கிலும், சிங்களத்திலும் தமிழிலும் ஒரேவிதமாக நிகழ்ந்தன. 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, அவை எக்காலத்தவை என்பதில் நிபுணர்களே முரண்பட்டனர். என்றாலும் ஊராரின் நினைவு முதலில் ஓடியது அந்த 1980களின் கடைசி ஆண்டுகளுக்கே. பாடசாலைப் பிள்ளைகளின் ஏச்சுப் பேச்சுக்கும் அதற்கும் நேர்க்கோடு போடுவது மிகை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் இளைஞன், எதிராளியின் வாதத்துக்கு விடை சொல்வதா, எதிராளிக்குப் பெயர் சூட்டுவதா என்ற பழக்கத்தைப் பாடசாலையிலேயே பெற்றுக்கொண்டு போகிறான் என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கார்.

ஆகையால் நம் மாவட்டத்து அதிபர்களிடம் நான் வேண்டுவது சிறியது. பிரசாரத்தை அடக்க வேண்டாம். முந்திய சபை என்ன செய்தது என்பதை அச்சபையார் மேடையில் நின்று கேள்விகளுக்கு நேரே விடையளிக்கும் ஒரு பாடவேளையை, வாக்கெடுப்புக்கு முன் ஒதுக்குங்கள். பிறப்பையோ, குடும்பத்தையோ, உருவத்தையோ, ஒரு பெண்பிள்ளையின் நடத்தையையோ இழுக்கும் பேச்சை, அது எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், அங்கேயே நிறுத்துங்கள். முறைப்பாடுகள் எழுத்தில், பெயரோடு வரட்டும். இன்ன ஆள் மோசம் என்றில்லாமல் இன்ன செயல் இன்ன இடத்தில் நடந்தது என்றிருக்கட்டும். விடையும் எழுத்தில், காரணங்களோடு, அத்தேர்தலில் சம்பந்தப்படாத ஒருவரால் கொடுக்கப்படட்டும். பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை அழைத்தால் போதுமானது. வாய்மொழியாக வந்த திரிபிடகம் முழுவதும் அளுவிகாரையில் ஏட்டிலேறியதாகப் பெருமை பேசும் மாவட்டத்தில், ஒரு முறைப்பாட்டுக்கு அரைப்பக்கம் விடை எழுதுவது பெரும் பாடாகாது.

தோற்ற பையன் ஒருவேளை வாய்த்துடுக்குள்ளவனாக இருப்பான். நியாயமான முறைப்பாட்டையும் அநியாயமான சொற்களில் எழுதி வந்திருப்பான். எண்ணிய ஆசிரியரைப் பற்றி எழுதத் தகாத ஒரு வரியும் அதில் இருக்கக்கூடும். அந்த வரிக்காக அவனைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் முதலில் அலுமாரியின் மேலிருக்கும் பெட்டியை இறக்கி, எல்லார் முன்னிலையிலும் மறுபடி எண்ணட்டும். அவனுடைய வாயை விசாரிக்க அந்த வாரம் முழுவதும் இருக்கிறது.